ஏசி உறுமிய வைகாசி

மே 17, ஞாயிறு

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: தாராபுரம் அம்சவேணி மகாலின் மணமகன் அறைக் குளியலறையில் நெடுங்காலம் பணிபுரிந்து, எத்தனையோ மாப்பிள்ளைகளின் தலையில் தண்ணீர் ஊற்றி அனுப்பிவைத்த நீல பிளாஸ்டிக் மக்கு, இன்று தன் கைப்பிடியை இழந்து பணி ஓய்வு பெற்றது. காரணம் தெரியவில்லை. விசாரணை எதுவும் வேண்டாம் என்று குடும்பத்தார் (அதாவது நான்) கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்த நாட்குறிப்பு, பம்புசெட் கம்பெனிக்காரர் அப்பாவுக்கு இலவசமாகக் கொடுத்தது. அப்பா அதை என் பக்கம் தள்ளிவிட்டார். "எழுதற நேரத்துலயாவது உன்ற கை சும்மா இருக்கும்" என்றார். போன முகூர்த்தத்தில் ஐஸ்கிரீம் கப்பில் தேங்காய்ச் சட்னி வைத்து, மேலே ஒரு செர்ரிப் பழமும் வைத்து மாப்பிள்ளையின் நண்பர்களுக்குப் பரிமாறியது நான்தான் என்பதை யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். தண்டனை: பிளஸ் ஒன் முடித்த விடுமுறை முழுக்க மகாலில் சம்பளமில்லாத வேலை. தரணீதரன் என்று பெயர் வைத்து, தண்ணி பாட்டில் தரம் பிரிக்க விட்டிருக்கிறார்கள்.

மே 18, திங்கள்

குடும்பத்தை அறிமுகப்படுத்தாமல் விட்டால் பின்னால் வரும் சரித்திர ஆசிரியர்கள் திணறுவார்கள். அப்பா சென்னியப்பன், முன்னாள் சின்ன வெங்காய வியாபாரி, இந்நாள் மகால் முதலாளி. அம்மா அம்சவேணி, மகாலின் பெயர்ப்பலகை. அக்கா சிந்துஜா, கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு வந்து, தன் கல்யாணத்துக்கு அப்பா நகை வாங்க வைத்திருந்த காசை ஐஸாக உறைய வைத்தவள்.

நிஜமாகவே ஐஸ்தான். மகாலுக்குப் பின்னால் பள்ளிக்கூட வேன் அளவுக்கு ஒரு தொட்டி. உள்ளே சுருள் சுருளாகக் குழாய். மத்தியானம் ஊரெல்லாம் சோலார் ஓடிக் கரண்டு மலிவாக இருக்கும்போது, ஏசி எந்திரம் தொட்டித் தண்ணீரை ஐஸாக்கும். சாயங்காலம் ஜில்லாவே ஒரே சமயத்தில் லைட்டு, டிவி, ஏசி என்று சுவிட்சைத் தட்டும். அப்போது கரண்டு விலை கொண்டையில் ஏறிக்கொள்ளும். அந்த நேரத்தில் நாங்கள் எந்திரத்தை நிறுத்திவிட்டு, ஐஸ்தண்ணீரைப் பம்பு வைத்து ஓட்டி ஹாலைக் குளிர வைப்போம். ரிசப்ஷன் என்றாலே சாயங்காலம்தானே. எங்கள் பிழைப்பே விலை ஏறும் நேரத்தில்தான்.

அப்பா இதற்கு எப்படிச் சம்மதித்தார் என்பதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவன் நான்.

"அப்பா, வெங்காயம் கிலோ பத்து ரூபாய்க்கு விக்கறப்ப என்ன பண்ணுவீங்க?"

"வயல்லயே குவிச்சுப் பட்டறை போட்டு, ஓலைய மூடி வெப்பேன்."

"விலை ஏறுனா?"

"பிரிச்சு விப்பேன். இதென்ன கேள்வி?"

"இதும் பட்டறைதானுங்ப்பா. கரண்டுப் பட்டறை."

அப்பா விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, "பட்டறைல அடிவெங்காயம் அழுகுமே, அம்மிணி?" என்றார்.

"ஐஸும் கொஞ்சம் கரையுமுங்."

"அப்பச் சரி. அழுகாத பட்டறைன்னு எவனாச்சும் சொன்னாத்தான் நான் நம்பமாட்டேன்."

ஆனால் கரண்டுக் கட்டணத்தில் மிச்சமாவது மட்டும் நகைக்காசுக்கு மேல் வாங்கிய தொட்டிக் கடனுக்குப் போதாது. மின் அலுவலகத்தில் ஒரு சோதனைத் திட்டம் இருக்கிறது. இந்த சீசனில் நான்கு மாலைகளுக்கு, "நாளை ஆறரை முதல் எட்டரை வரை உங்கள் கரண்டைப் பாதியாகக் குறையுங்கள்" என்று முதல் நாள் செய்தி வரும். மூன்று முறை குறைத்துக் காட்டினால் வருஷம் முழுக்க ஊக்கத்தொகை. இரண்டு முறை தவறினால் வாசலைப் பார்த்து நடக்கலாம்.

அப்பாவும் தன் பங்குக்கு ஒரு திட்டம் அறிவித்திருக்கிறார். "செயிச்சா மகால் சாவி உன்ற கையில. நீயே நடத்து. தோத்தா சபாபதிக்கு லீசுக்கு விட்டுட்டு, நான் உனக்கு மாப்ள பாக்கக் கெளம்பிருவேன்." சபாபதி மாமா எங்கள் சமையல் காண்ட்ராக்டர். சாம்பாரைக் கிளறும்போதுகூட ஒரு கண்ணை அப்பாவின் சட்டைப்பையில் தொங்கும் சாவிக்கொத்தின் மேலேயே வைத்திருப்பவர்.

மே 19, செவ்வாய்

கடும் வெயில். எலுமிச்சை சர்பத் நாலு டம்ளர் குடித்தேன். இத்தனை ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற நாட்குறிப்புக்கு நாளை முதல் மை கிடையாது.

மே 20, புதன்

முதல் அழைப்பு. முதல் தோல்வி.

ஆறரைக்கு அக்கா எந்திரத்தை நிறுத்தினாள். அதுவரை பின்சுவருக்கு அந்தப் பக்கம் 'உர்ர்ர்' என்று உறுமிக்கொண்டிருந்தது சட்டென்று அடங்கியது. கொஞ்ச நேரத்தில் பெண்ணின் தாய்மாமன் பட்டுச்சட்டையின் இரண்டு பொத்தான்களைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"ஏனுங் சென்னியப்பண்ணா, ஏசிய நிறுத்திப்போட்டீங்களாட்டம் இருக்குது?"

"ஓடுதுங்க மாப்ள."

"எங்கீங் ஓடுது? சத்தமே காணம். சீர்த்தட்டு வெச்ச கையோட இடுப்புத் துண்ட எடுத்து விசிற வெச்சுட்டீங்களே!"

தாய்மாமனுக்கு வியர்த்தால் மண்டபத்துக்கே வியர்க்கும். அரை மணி நேரத்தில் ஹால் முழுக்கக் கல்யாணப் பத்திரிகைகள் விசிறியாக மாறின. அக்கா ஓடிப்போய்த் தூணில் மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். "இருபத்தேழா? எப்படி?" என்று அதையே தட்டித் தட்டிப் பார்த்தாள். எனக்கென்னவோ அந்த வெப்பமானியும் பெண்வீட்டுக்குச் சொந்தம் என்று தோன்றியது. நான் நின்ற இடத்தில் நன்றாகத்தான் இருந்தது. (நான் சர்பத்துடன் நின்றேன்.)

"போட்டுவிடு அம்மிணி" என்றார் அப்பா.

"இன்னும் ஒரு மணி நேரம்தானுங்ப்பா."

"கல்யாணத்துக்கு வந்தவன் வேர்த்துட்டுப் போனான்னா அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருத்தன் வரமாட்டான். போடு."

எந்திரம் உறுமியது. தாய்மாமன் உட்கார்ந்தார். சபாபதி மாமா அடுப்படி வாசலில் நின்று கரண்டியைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

மே 21, வியாழன்

அக்கா காலையிலிருந்து தொட்டிக்குள்ளேயே கிடந்தாள். பம்பைக் கழற்றி, தோள்வரை கையை விட்டு என்னவோ துழாவினாள். மத்தியானம் துப்பட்டாவில் எதையோ சுருட்டிக்கொண்டு வெளியே வந்தவள், சம்பந்தமே இல்லாமல், "தம்பி, மாப்ள ரூம்ல இருந்த நீல மக்கு என்னாச்சு?" என்றாள்.

"காலம் எடுத்துக்கிச்சுக்கா" என்றேன்.

என்னையே ஒரு மாதிரிப் பார்த்தாள். "செரி, இனிமேல் தொட்டி ரூமுக்கு ஒரு பூட்டு போடறேன்" என்று போய்விட்டாள். இன்ஜினீயர்களுக்குத் தோல்வி வந்தால் மூளை குளியலறைச் சாமான்கள் பக்கம் திரும்பிவிடும் போலிருக்கிறது.

மே 22, வெள்ளி

அக்கா நேற்றும் சரியாகச் சாப்பிடவில்லை. நாம் வருத்தப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் என் பங்கு பால்கோவா எப்படியோ அவள் மேசைமேல் போய் உட்கார்ந்திருக்கிறது. எறும்பு தூக்கிப் போயிருக்கும்.

மே 24, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்! மனிதனுக்கு வியர்ப்பது தோலில் அல்ல, காதில்.

யோசித்துப் பார். தாய்மாமன் எப்போது பொத்தானைக் கழற்றினார்? உறுமல் நின்ற பிறகு. எப்போது உட்கார்ந்தார்? உறுமல் வந்த பிறகு. நம் ஜனங்களுக்கு ஏசி என்றால் குளிர் அல்ல, சத்தம். ஆகவே சத்தத்தைக் கொடுத்துவிட்டால் குளிரை அவர்களே உற்பத்தி செய்துகொள்வார்கள்.

உடனே என் சிநேகிதன் இர்ஃபானிடம் போனேன். அவன் அண்ணன் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறார். எந்திரம் ஐஸ் பிடிக்கும் நேரத்தில் அதன் உறுமலைப் பதிவுசெய்து மெமரி கார்டில் போட்டோம். பேட்டரியில் ஓடுகிற, மைக் வைத்த ஒரு பெரிய ஸ்பீக்கர் இருக்கிறது. அது மேடைக்குப் பின்னால், பூ அலங்காரத் துணிக்கு அடியில் உட்காரும். சுற்றிச் சுற்றி உறுமும்.

"உங்கக்காகிட்ட சொல்லிட்டியாடா?" என்றான் இர்ஃபான்.

"மகான்கள் சொல்லிவிட்டுச் செய்வதில்லை."

"மாட்டுனா நான் ஸ்பீக்கரே பாத்ததில்லைன்னு சொல்லிருவேன்."

மே 27, புதன்

இரண்டாம் அழைப்பு. மாபெரும் வெற்றி!

அக்கா இன்று மூன்று மணிக்கே ஆளில்லாத ஹாலுக்கு ஏசி போட்டுவிட்டாள். காலி நாற்காலிகளுக்கு வியர்க்கிறது போல. கேட்டால், "செவுத்தையும் தரையையும் மொதல்லயே குளிர வெக்கறேன். விலை ஏறறதுக்குள்ள கட்டடத்துக்குள்ளயும் கொஞ்சம் பட்டறை போட்டுக்கலாம்ல" என்கிறாள். அம்மா தன் பங்குக்கு, குளிர்காற்று வரும் ஓட்டைகளிலெல்லாம் கலர் ரிப்பன் கட்டிப் படபடக்க விட்டிருக்கிறாள். ஜன்னலுக்குச் சடை பின்னும் குடும்பம்.

ஆறரைக்கு எந்திரம் நின்றது. அதே நொடியில் நான் துணிக்கு அடியில் கையை விட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு, மாடிக்குப் போய் நின்றுகொண்டேன். மெல்லிசைக் குழுவின் டிரம்ஸையும் மீறி அந்த உறுமல் இரண்டு மணி நேரமும் என் காதில் தேனாகப் பாய்ந்தது. கேட்கக் கேட்க எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒரு பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

"ஏனுங், குளிரச் சித்தக் கம்மி பண்ணச் சொல்லுங். புள்ளைக்குச் சளி புடிச்சுக்கும்."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! வெங்காயம் நூற்றிருபதுக்குப் போன வருஷத்து முகம். எட்டரைக்கு அக்கா மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பாவம், வெற்றிக்குக் காரணம் யார் என்று தெரியாமலே சந்தோஷப்படுகிறாள். பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

மே 28, வியாழன்

மகால் வாசலில் எனக்கு ஒரு சிலை வைத்தால் எந்தப் பக்கம் பார்த்து நிற்பது? கிழக்கே பார்த்தால் கண்ணில் வெயில். மேற்கே பார்த்தால் செருப்பு விடும் இடம். தீவிரமாக யோசித்து வருகிறேன். நடுவில் தண்ணி பாட்டில் ஆறு பெட்டி அடுக்கினேன்.

ஜூன் 1, திங்கள்



மூன்றாம் அழைப்பு. அறுநூறு பேர் கூடிய ரிசப்ஷன். கூட்டம் பெரிதென்பதால் உறுமலையும் பெரிதாக வைத்தேன். அங்கேதான் விதி சிரித்தது.

போன வெற்றிக்குப் பிறகு அப்பா ஆளே மாறிவிட்டார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் தொட்டில் குழந்தையைப் பார்ப்பதுபோல் மீட்டரை எட்டி எட்டிப் பார்க்கிறார். ஏழு மணி வாக்கில் பந்தியை விசாரிக்க உள்ளே வந்தவர் அப்படியே நின்றார். காதைத் தீட்டினார்.

"எவன்டா எந்திரத்தைப் போட்டது? சபாபதி! உன்ற வேலையா?"

"ஐயோ, நான் ரசத்துல இருக்கறனுங்!" என்றார் சபாபதி மாமா.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மின்பலகை அறைக்கு ஓடினார். எந்த சுவிட்ச் எதற்கு என்பது அக்காவுக்குத்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, இருப்பதிலேயே பெரியது. ஜெனரேட்டர் கரண்டும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். அதைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டார்.

கும்மிருட்டு. மெல்லிசைக் குழு பாதிப் பாட்டில் ஊமையானது. அறுநூறு பேரும் ஒரு கணம் மூச்சை அடக்கினார்கள். அந்த நிசப்தத்தில், தெள்ளத் தெளிவாக:

உர்ர்ர்ர்ர்ர்ர்.

"அட, பாருங்டா!" என்றது இருட்டுக்குள் ஒரு குரல். "கரண்டு போயும் ஏசி மட்டும் ஓடுது! பெரிய மகால்னா பெரிய மகால்தானுங்!"

அப்பா டார்ச்சோடு உள்ளே ஓடிவந்தார். "சிந்து! மெயினையே எறக்கிட்டேன், இன்னும் ஓடுதம்மிணி!" அவர் குரலில் பேயைப் பார்த்த நடுக்கம்.

அக்கா அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு உறுமலைத் தேடி மேடைக்குப் பின்னால் போனாள். துணியைத் தூக்கினாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, டார்ச்சை நேராக மாடியில் நின்ற என் முகத்தில் அடித்தாள்.

"இரு, மெயினை மேல தள்ளிட்டு வந்து இவனை..." என்று அப்பா திரும்பினார்.

"தள்ளாதீங்க!" அக்கா அலறியதை நான் இன்றுதான் முதல்முறை கேட்டேன். "ஒரேயடியா போட்டா எல்லாமே ஒண்ணா எந்திரிக்கும். எந்திரமும் தானா ஓட ஆரம்பிச்சிரும். கரண்டு ஒரே குதியா குதிக்கும், மீட்டர் அந்தக் குதியப் புடிச்சு வெச்சுக்கும். அதோட நம்ம கதை முடிஞ்சுது. ஒவ்வொண்ணா நான் போடணும்."

என்னிடம் ஓடிவந்தாள். "பத்து நிமிஷம் ஆகும். அது வரைக்கும் ஒருத்தர்கூட எந்திரிச்சுப் போகக்கூடாது. வாய்தானே உனக்கு? வெச்சுப் பொழை." ஸ்பீக்கரின் மைக்கை என் கையில் திணித்துவிட்டு இருட்டில் மறைந்தாள். சாவிக்கொத்து சபாபதி மாமாவின் பக்கம் போய்க்கொண்டிருக்கும் சத்தம் என் மனசுக்குக் கேட்டது.

அந்த இருட்டில் உயிரோடு இருந்த ஒரே கருவி என் ஸ்பீக்கர்தான். மாடியிலிருந்து இறங்கி ஓடி உறுமலை நிறுத்தினேன்.

"அன்பார்ந்த பெரியோர்களே, இதுவரைக்கும் உறுமுனது ஏசி இல்லீங்க. நான்தானுங்."

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு.

"அப்பக் குளிருச்சே தம்பி, அது?"

"அது எங்கக்கா வெச்ச ஐஸுங்க."

"யாருக்கு வெச்சாங்க?"

"மின்சார ஆபீசுக்குங்க!"

ஹால் அதிர்ந்தது. மாப்பிள்ளையே மேடையில் சிரித்ததைச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நான் விடவில்லை. மத்தியானக் கரண்டில் ஐஸ், சாயங்காலத்துக்குப் பட்டறை, அப்பாவின் வெங்காயம் எல்லாம் சொன்னேன். சட்னி ஐஸ்கிரீம் கதையும் வெளியே வந்துவிட்டது. அதற்குள் தலைக்கு மேல் ஒரு வரிசை விளக்கு எரிந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஐஸ்தண்ணீர் பம்பு ஓடி, அம்மாவின் ரிப்பன்கள் படபடத்தன. எந்திரம் கடைசிவரை எழுந்திருக்கவில்லை.

அப்புறம் அறுநூறு பேருக்கும் ஐஸைப் பார்க்க வேண்டுமாம். பந்தியைவிடத் தொட்டிக்கு வரிசை நீளம்.

ஜூன் 2, செவ்வாய்

செய்தி வந்தது: மூன்றாம் அழைப்பிலும் தேறிவிட்டோம். அப்பா என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 8, திங்கள்

நான்காம் அழைப்பு. ஸ்பீக்கர் இல்லை, உறுமல் இல்லை. வாசலில் அக்கா ஒரு பலகை வைத்திருந்தாள்: 'இன்று ஹாலைக் குளிர வைப்பது ஐஸ். நம்பாதவர்கள் பின்பக்கம் வரவும்.' பின்பக்கம் நின்று விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் விசிறவில்லை. எட்டரைக்கு மூன்றாவது வெற்றி.

அப்பா சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். என்னவோ சொல்ல வந்தவர், "மாடித் தண்ணித் தொட்டி சாவி கொஞ்சம் இறுகும், எண்ணெய் போடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சபாபதி மாமா கரண்டியோடு வந்தார். "அம்மிணி, அந்தத் தொட்டி ஓரமா நாலு கேன் மோர் வெச்சுக்கலாமுங்களா?"

"கேனுக்கு எவ்வளவு தருவீங்க மாமா?" என்றாள் புது முதலாளி.

ஜூன் 9, செவ்வாய்

காலையில் அக்கா என்னைத் தொட்டி அறைக்குக் கூப்பிட்டாள். சாவிக்கொத்தை என் முகத்துக்கு நேரே ஆட்டினாள். சாவிகளுக்கு நடுவே நீலமாக ஒன்று தொங்கியது.

மக்கின் கைப்பிடி.

"பம்பு தண்ணி உறிஞ்சற வாய்ல வலை இருக்குதில்ல, அதுல மாட்டிட்டிருந்துச்சு. கூடவே ஒரு கூடை எலுமிச்சந்தோல். தண்ணியே சரியா ஏறல. அதனாலதான் மொத நாள் இருபத்தேழு டிகிரி. அந்தத் தாய்மாமனுக்குக் காதுல வேர்க்கலடா, நெசமாலுமே வேர்த்துச்சு."

எனக்கு ஐஸ் தொட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. "அப்பவே அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமில்லக்கா? தப்பு தொட்டி மேல இல்லைன்னு ஆயிருக்குமே. சாவி போயிருந்தா?"

"சொல்லியிருந்தா உன்னைத் திருச்செங்கோட்டு ஹாஸ்டல்ல கொண்டுபோய்ப் போட்டிருப்பாரு." பூட்டைப் பூட்டினாள். "அப்பறம் எனக்கு யாரு பால்கோவா வெப்பா?"

"எறும்பு வெக்கும்" என்றேன்.

சரி, உறுமலாவது மே 27ஐக் காப்பாற்றியது என்று மனசைத் தேற்றிக்கொண்டு இர்ஃபானைப் பார்க்கப் போனேன். அவன் தலையைச் சொறிந்தான். "மச்சி, கோவிச்சுக்காத. அன்னிக்கு நான் சார்ஜே போடல. அஞ்சு நிமிஷத்துல செத்துருக்கும். அதான் ரெண்டாவது தடவை ஃபுல்லா போட்டுக் குடுத்தேன்."

ஆக, இரண்டு மணி நேரம் என் காதில் தேனாகப் பாய்ந்தது எது என்று எனக்கே தெரியவில்லை. சிலை யோசனையைக் கைவிடுகிறேன்.

சரித்திர ஆசிரியர்கள் கவனத்துக்கு ஒரு பிழை திருத்தம்: மே 17 அறிவிப்பில் 'காரணம் தெரியவில்லை' என்றிருப்பதை, 'சர்பத்துக்காகத் தொட்டியில் ஐஸைக் கொத்தியபோது என் கையில்தான் உடைந்தது' என்று மாற்றி வாசிக்கவும்.